பதின்மூன்று மணிக் கிணறு

என் மகன் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறான். போன வாரம் ஊருக்கு வந்தவன், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தாள் கட்டை வைத்துக்கொண்டு, தான் எழுதியது என்று காட்டினான். முழுக்க இங்கிலீஷும் கிரேக்க எழுத்துமாக இருந்தது. வாயால் சொல்லுடா என்றேன். ஒரு கருவியை ஒரே நிலையில் நிறுத்தி வைக்க வேண்டும். வெளியிலிருந்து ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வந்து அதைக் குலைக்கிறது. எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று தெரியாது. அதைக் கண்டுபிடித்து, வருவதற்கு முன்பே எதிர் வேலை பார்த்து, அது வந்ததே தெரியாமல் செய்துவிட வேண்டும். இதுதான் விஷயம் என்றான். ஆறு வருஷம் ஆயிற்றாம்.

எனக்கு மூன்று மாதம்தான் ஆயிற்று என்றேன். சிரித்தான். பெற்றவள் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். சரி, எழுதி வைத்துவிடுவோம், கிரேக்க எழுத்து இல்லாமல் அவன் ஒரு தடவை படிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நான் கிராம சேவிகா. புகையில்லா அடுப்புப் போடச் சொல்லிக்கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பது, கீரையின் பெருமை பேசுவது எல்லாம் என் வேலை. ஊரில் எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். நான் டீச்சர் இல்லை என்று ஆறு மாதம் சொல்லிப் பார்த்துவிட்டு, தொண்டை வலித்ததால் டீச்சராகவே இருந்துவிட்டேன்.

செம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்த என் அப்பாவுக்கு நான் வேலைக்குப் போனது பிடிக்கவில்லை. ஆனால் கத்தவும் மாட்டார். கொஞ்ச நாளில் தானே சரியாகிவிடும் சளி என்றே என் உத்தியோகத்தை நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் பக்கத்திலேயே ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்துவிட்டார். நிலபுலம் உள்ள வீடு, நல்ல பையன், ஆனால் மருமகள் வேலைக்குப் போகக் கூடாது. எனக்குப் பையன் மேல் ஒரு குறையும் இல்லை, அவனை நான் பார்த்ததுகூட இல்லை. வேலையை விடச் சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை. மாதம் பிறந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கும் சம்பளத்தின் ருசி எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பிளாக் ஆபீசிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. மின்சாரத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டி. நூற்றிருபது சீமைக் கோழி முட்டை வைக்கலாம். உள்ளே சூடேற்றும் கம்பி, நடுவில் வெப்பமானி, சூடு பாரன்ஹீட்டில் நூறு டிகிரியைத் தாண்டினால் தானே அணைந்து, குறைந்தால் தானே எரியும் ஒரு விசை. இருபத்தொரு நாளைக்கு அந்த நூறு அசையாமல் நின்றால் குஞ்சு வரும். பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்னறையில் பெட்டியை வைத்தார்கள். நான் குடியிருந்ததும் அதற்கு அடுத்த அறையில்தான். ஊர் அதற்கு உடனே கரண்டுக் கோழி என்று பெயர் வைத்துவிட்டது. அடையில் உட்காரும் நிஜக் கோழியை யாரும் இத்தனை பேர் கூடி நின்று பார்த்ததில்லை.

மூன்று தடவை முட்டை வைத்துப் பார்ப்போம், மூன்றாவதும் சரியாகப் பொரிக்காவிட்டால் பெட்டியைத் தொப்பம்பட்டிப் பக்கம் அனுப்பிவிடுவோம் என்றார் அதிகாரி. இதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அப்பாவுக்கு எழுதிவிட்டேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் பொரிக்காவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பொரித்தால் அவர் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார் என்று பதில் வந்தது. எனக்கு ரோஷம். ஆகட்டும் என்று எழுதிப் போட்டேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை சீமைக் கோழி முட்டையில் வந்து நின்றது இப்படித்தான்.

முதல் தடவை ஒன்பது குஞ்சுதான் வந்தது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை அறை விளக்கு மங்கிச் சிவந்துவிடும். இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கும். மின்சாரம் பலமில்லாமல் வரும்போது பெட்டிக்குள் கம்பியும் சரியாகச் சுடாது. வெப்பமானி தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு என்று இறங்கும். லைன்மேனிடம் போய் முறையிட்டேன். அவர் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, கரண்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். ஏறாமலே சொல்லியிருக்கலாம்.

நானே களத்தில் இறங்கினேன். சூடு தொண்ணூற்றாறுக்கு வந்ததும் ஓடிப்போய் அடுப்பு மூட்டி, வெந்நீர் வைத்து, நாலு சொம்பில் ஊற்றி மூடி, பெட்டியின் அடித்தட்டில் வைப்பேன். வெந்நீரின் சூடு மெள்ள ஏறி முட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் விளக்கு மறுபடி பளிச்சென்று எரியும். கம்பியும் சுட்டு, சொம்பும் சுட்டு, வெப்பமானி நூற்று நாலு, நூற்றாறு என்று ஏறும். பெட்டியின் விசை கம்பியைத்தான் அணைக்கும், என் சொம்பை என்ன செய்யும்? நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடுவேன். இரண்டாம் தடவை இன்னும் மும்முரமாக ஓடினேன். நாலே நாலு குஞ்சு வந்தது.

இரண்டாம் தடவை முட்டைகள் உள்ளே இருந்தபோது ஒரு கூத்து நடந்தது. முன்னறையில் உட்காரும் பஞ்சாயத்து குமாஸ்தா நல்ல மனுஷர், என் ஓட்டத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். விளக்கு என்றைக்கு எப்போது மங்குகிறது என்று கேட்டார். திங்கள் காலை ஏழரைக்கு என்றேன். ராகு காலம் என்றார். செவ்வாய் ஒன்பதரை. எமகண்டம். புதன் பன்னிரண்டை ஒட்டி. ராகு காலம். வியாழன் பகல் ஒன்றரை. ராகு காலமேதான். வெள்ளி மூன்றரை. எமகண்டம். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டப் புரட்ட நானும் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். ஐந்து நாளும் அச்சடித்த மாதிரி ஒத்துப்போகிறது. பள்ளிக்கூடத்தில் சயின்ஸில் முதல் மார்க் வாங்கியவள் நான். சனிக்கிழமை வரை முழுசாக நம்பினேன், வேறு என்ன சொல்ல.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்கு சிவந்தது. ராகுவும் இல்லை, எமகண்டமும் இல்லை. குமாஸ்தாவிடம் ஓடினேன். சனிக்கிழமை முழுக்கவே சனீசுவரனுடையதுதானே என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவரிடம் எந்த நேரத்தைச் சொன்னாலும் பொருத்திவிடுவார். எதைக் கொண்டுபோனாலும் ஒத்துப்போகிற கணக்கை வைத்துக்கொண்டு நாளைக்கு எப்போது மங்கும் என்று கேட்டால், அது ஒன்றும் சொல்லாது. இன்னொன்று, நானும் அவரும் பகலை மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். இரவில் மங்கியதை யாருமே கணக்கில் எடுக்கவில்லை, ராத்திரிக்கு ராகு காலம் பார்க்கும் வழக்கம் இல்லாததால்.

பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் கிழமையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரவு பகல் எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். ஒன்றிலிருந்து முந்தையதைக் கழித்தேன். பதின்மூன்று மணி. அடுத்தது பதின்மூன்று. அடுத்தது பன்னிரண்டே முக்கால். மறுபடி பதின்மூன்று. ஒரு பக்கம் முழுக்கப் பதின்மூன்று பதின்மூன்றாக இறங்கியது. வாரத்துக்கும் கிரகத்துக்கும் கட்டுப்படாத ஏதோ ஒன்று பதின்மூன்று மணிக்கு ஒரு தரம் எழுந்து மின்சாரத்தை உறிஞ்சிவிட்டுப் போகிறது.

எங்கள் கம்பியில் அப்போது ஒரே ஒரு பம்புசெட்டு மோட்டார்தான் இருந்தது. ஊரிலிருந்து ஒரு மைல், தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு. மோட்டார் மேல் எனக்கு முன்பே சந்தேகம் உண்டு. ஆனால் கேட்டபோதெல்லாம் அதற்கு நேரம் காலம் கிடையாது என்றார்கள். இப்போது தாளை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றுக்கே போனேன். அன்றைய முறைக்காரர் வெங்காயப் பாத்திக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார். எந்த நேரத்துக்கு மோட்டார் போடுவீர்கள் என்றேன்.

"நேரமெல்லாம் பாக்கறதில்ல டீச்சரம்மா. தண்ணி ஊறி அந்த வெள்ளக்கல்லுப் படியத் தொட்டா மோட்டாரப் போடுவோம், அடி தெரிஞ்சா அமத்துவோம். அடுத்த ஊறலு அடுத்த பங்காளிக்கு. அம்புட்டுத்தான்."

மற்ற ஊர்களில் முறை என்றால் நாளைப் பங்கு போடுவார்கள். இங்கே ஊறலைப் பங்கு போட்டிருந்தார்கள். கிணறு வற்ற இரண்டு மணி, மறுபடி படி தொட ஊற பதினொரு மணி. ராத்திரி பகல் என்று அதற்கு ஏது? நேரம் காலம் கிடையாது என்று அவர்கள் சொன்னது பொய்யே இல்லை. கடிகாரத்தைப் பார்க்காதவர்கள்தான் கடிகாரம் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள்.

இருபத்தொரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அசட்டுத்தனமாக இருந்தது. அவர், என் முட்டைக்கு இருபத்தொரு நாள் கெடு இருக்கிறது, தன் வெங்காயத்துக்கு இன்றைக்கு மட்டும்தான் இருக்கிறது என்றார். நியாயம்தான். ஐந்து குடும்பத்துத் தண்ணீரை நிறுத்திக் கோழிக்குஞ்சு வளர்க்கச் சொல்லி எந்த அரசாங்கமும் என்னை அனுப்பவில்லை.

திரும்பி நடக்கும்போது இன்னொன்றும் உறைத்தது, அது கசப்பாக இருந்தது. பெட்டியோடு வந்த துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரி உண்டு. முட்டை சற்று நேரம் குளிரைத் தாங்கிக்கொள்ளும், சூடு மிஞ்சினால் தாங்காது. அப்படியென்றால் அத்தனை முட்டையையும் கொன்றது கிணறு இல்லை. வெந்நீர்ச் சொம்போடு பின்னாலேயே ஓடிய நான்தான். சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் இருபது குஞ்சாவது வந்திருக்கும்.

மூன்றாம் தடவை பங்குனிக் கடைசியில் முட்டை வைத்தேன். இந்த முறை வெப்பமானி இறங்குவதற்குக் காத்திருக்கவில்லை. விளக்கு சிவக்கப் போகும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, அதற்கு அரை மணி முன்பே வெந்நீர்ச் சொம்பை வைத்துவிடுவேன். சொம்பு சுட ஆரம்பித்ததும் பெட்டியின் விசை தானே கம்பியை அணைத்துக்கொள்ளும். மின்சாரம் சோரும்போது சொம்பின் சூடு முட்டையைத் தாங்கிப் பிடிக்கும். மோட்டார் நிற்பதற்கு அரை மணி முன்பே சொம்பை வெளியே எடுத்துவிடுவேன். முதல் நாள் விளக்கு ரத்தச் சிவப்பாக எரிகிறது, வெப்பமானியோ நூறிலேயே அசையாமல் நிற்கிறது. சந்தோஷம் தாங்காமல் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, இப்போது நல்ல நேரம் என்றார்.

ஆனால் சித்திரை வெயில் ஏற ஏறக் கிணறு ஊற அதிக நேரம் பிடித்தது. பதின்மூன்று மணி மெள்ளப் பதின்மூன்றே கால், பதின்மூன்றரை என்று நகர்ந்தது. கணக்கு எத்தனை நிமிஷம் பிசகியதோ அத்தனையையும் அடுத்த கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். ஒரு பங்காளி சந்தைக்குப் போய்விட்டு ஒரு மணி தாமதமாக வந்து மோட்டார் போட்டால், என் கணக்கு மொத்தமும் அவரோடு சேர்ந்து சந்தைக்குப் போய்விட்டது. பிறகு பிசகில் பாதியை மட்டும் சேர்க்க ஆரம்பித்தேன். ஒருவருடைய சோம்பலில் மோசம் போகாமலும், வெயிலின் போக்கை விட்டுவிடாமலும் அது ஒரு மாதிரி நடந்துகொண்டது. இந்தப் பாதிக்கு என் மகன் ஒரு கிரேக்க எழுத்து வைத்திருக்கிறான். நான் பாதி என்றே வைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் அப்பா வந்து இறங்கினார். நாளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"அடைக்கோழி சும்மா செய்யுற வேலைக்குச் சர்க்காரு சம்பளமா குடுக்குது தாயி?" என்றார்.

நான் அடுப்பு மூட்டப் போனேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் சண்டையாகிவிடும், சொம்பு வைக்கும் நேரம் தவறிவிடும். அன்று பகலும் இரவும் நான் நாள்காட்டித் தாளைப் பார்ப்பதையும், அடுப்பு மூட்டுவதையும், சொம்பு வைப்பதையும் எடுப்பதையும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது தவறும் என்று காத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவைப் பற்றி அப்படி நினைத்தேன் என்று எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

இருபதாம் நாள் காலையில் முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. இரண்டு மூன்று ஓட்டில் கீறல் விழுந்திருந்தது. இந்த நேரத்தில் குளிர்ந்தாலும் போச்சு, காய்ந்தாலும் போச்சு. என் கணக்குப்படி விளக்கு மங்க வேண்டியது பகல் இரண்டரைக்கு. முந்தின நாலு இரவாகச் சரியான தூக்கம் இல்லை. அப்பா குளித்துவிட்டு வருகிறேன் என்று பம்புசெட்டுக் கிணற்றுக்குப் போயிருந்தார். நான் அலாரத்தை ஒன்றே முக்காலுக்கு வைத்துவிட்டுப் படுத்தேன்.

அலாரம் அடித்து எழுந்தபோது அறை விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கி எவ்வளவு நேரமோ தெரியாது. நான் சொம்பே வைக்கவில்லை, அடுப்பே மூட்டவில்லை. எல்லாம் போயிற்று, வேலை போயிற்று, செம்பட்டிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே பெட்டிக்கு முன்னால் ஓடினேன்.

வெப்பமானி நூறில் நின்றது. அடித்தட்டில் நாலு சொம்பும் வரிசையாக இருந்தன. அப்பா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கதவு வழியே என் அறை அலாரக் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். விரல்கள் சிவந்திருந்தன.

குளிக்கப் போனபோது படியைப் பார்த்திருக்கிறார். முந்தின ராத்திரி முறைக்காரர், விடிந்தால் மகளுக்குப் பரிசம் என்று, கால் மணி முன்னதாகவே மோட்டாரை அமத்திவிட்டுப் போயிருந்தார். கிணற்றில் தண்ணீர் மிச்சம். அதனால் என் கணக்குக்கு ஒன்றரை மணி முன்பே ஊறி வெள்ளைக்கல் படியை எட்டப் போகிறது. ஒரு மணிக்கே மோட்டார் போட்டுவிடுவார்கள் என்று அங்கிருந்த பங்காளி சொல்லித் தெரிந்ததும், குளிக்காமலே ஒரு மைலும் வேகமாக நடந்து வந்திருக்கிறார். நான் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கியிருக்கிறேன். எழுப்பாமல் தானே அடுப்பை மூட்டிச் சரியாகப் பன்னிரண்டரைக்குச் சொம்பை வைத்திருக்கிறார். இரண்டரைக்குச் சொம்பை எடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் எனக்கு நினைவூட்டினார். இரண்டரை ஆனதும் அவரே எடுத்தார், என்னைத் தொடவிடவில்லை.

மறுநாள் விடிந்தபோது பெட்டி முழுக்க ஈரமும் மஞ்சளுமாகக் கத்தல். எண்பதுக்கு மேல் குஞ்சு. குமாஸ்தா முதல் ஆளாக வந்து தன்னால்தான் என்கிற முகத்தோடு நின்றார். ஊரே கூடியது. கரண்டுக் கோழி கடைசியில் பிள்ளை பெற்றுவிட்டது என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணி பஸ்ஸுக்கு அவரோடு சாலை வரை நடந்தேன். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. நேற்று நீங்கள் பேசாமல் இருந்திருந்தாலே போதுமே, என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்டேன்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"நீயா தோத்திருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன் தாயி. தோக்கட்டும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால முடியல."

பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டில் தானே போய்ச் சொல்லிக்கொள்வதாகவும், நான் அடுத்த முட்டையை வைக்கலாம் என்றும் சொன்னார். வாக்குக் கொடுத்து வைத்திருந்த வீடு அது. அங்கே போய் அவர் எப்படித் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அவருடைய கையைப் பிடித்தேன். விரல் நுனிகளில் கொப்புளம் போட்டிருந்தது. பஸ் நகர்ந்ததும் நடுச் சாலையில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.